வேலை போன பெயர்

இப்போதெல்லாம் மனிதர் கதவைத் திறக்காமலே கதைக்கப் பழகிவிட்டார்கள். முன்பு கொழும்பில் ஒரு வீட்டுக்குப் போனால், வேண்டாத ஆளாக இருந்தாலும் கதவைத் திறந்துவிட்டுத்தான் ஏசுவார்கள். இப்போது வாசலில் ஒரு இரும்புக் கிறில், அதற்குப் பின்னால் ஒரு சங்கிலி, சங்கிலிக்குப் பின்னால் அரை முகம். ஏன் என்று கேட்டால் காலம் சரியில்லை என்கிறார்கள். குண்டு வைக்கிறவன் மணி அடித்துவிட்டா வருகிறான்?

எங்கள் கொட்டாஞ்சேனையிலும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது. வெள்ளவத்தையில் கொஞ்சம் அதிகம். அங்கே கிறிலுக்கு இரண்டு பூட்டு.

அப்படி ஒரு கிறிலுக்கு வெளியே நின்றுதான் என் மூத்தவள் றோஸி அந்த வெள்ளிக்கிழமை காலை வேலையை இழந்தாள்.

அதற்கு முன்னம் நடந்ததை ஒருதரம் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் ஜெகதீஸ்வரி அம்மாவின் மாடிவீட்டில் றோஸிக்குச் சமையல், துவையல் எல்லாம். விடியப் போய் இருட்டி வருவாள். மாரி தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு இருமல். அந்த அம்மா கொத்தமல்லி அவித்துக் குடி என்று சொன்னதோடு சரி. பிறகு அம்மாவின் மகள் பிள்ளைப்பேறு முடிந்து கைக்குழந்தையோடு அந்த வீட்டுக்கு வந்தாள். குழந்தை வந்த பிறகுதான் றோஸியின் இருமல் அந்த வீட்டுக்காரரின் காதில் விழுந்தது. பம்பலப்பிட்டியில் ஓர் இடத்தில் நெஞ்சைப் படம் பிடித்துக் கொடு, செலவு நான் தருகிறேன், படம் சுத்தம் என்றால்தான் குழந்தைக்குக் கிட்டப் போகலாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

றோஸி பயந்துபோனாள். சின்னவள் பிறிஜெற் பயப்படவில்லை. அக்காவின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அக்காவின் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, றோஸி என்ற பெயரில் தானே போய்ப் படம் எடுத்துவிட்டு வந்தாள். எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். அந்த அட்டையில் உள்ள படத்தைப் பார்த்தால் அது றோஸியும் இல்லை, பிறிஜெற்றும் இல்லை. முக்காடு போட்டால் நானும் போயிருக்கலாம்.

முதலில் என்னைக் கேட்டிருந்தால் படமே வேண்டாம் என்றிருப்பேன். மனிதனுக்குள் என்ன கிடக்கிறது என்று வெளிச்சம் போட்டுப் பார்க்கிற வேலை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

ஏன் பிறிஜெற் போனாள் என்றால், அவளுக்குக் கன்னம் இருந்தது. எங்கள் தோட்டத்தில் நெஞ்சு வருத்தம் என்றால் அது மெலிந்தவளுக்கு வருகிற நோய். உடம்பு இருக்கிறவளை ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். பாணும் சீனித் தேத்தண்ணீரும் தந்த கன்னம்தான் அது. ஆனாலும் கன்னம் கன்னம்தானே என்று இரண்டு பேரும் நினைத்துவிட்டார்கள்.

தோட்டம் என்றதும் மாவும் பலாவும் நிற்கிற இடம் என்று நினைக்க வேண்டாம். ஒரே தகரத்துக்குக் கீழே வரிசையாக அறைகள், எல்லாருக்கும் ஒரு தண்ணீர்க் குழாய், நடுவில் ஓடுகிற கழிவுநீர்க் கான். அதைத்தான் கொழும்பில் தோட்டம் என்கிறார்கள். எங்கள் அறைக்குக் கதவு உண்டு. யன்னல் இல்லை.

வேலைக்குப் போன றோஸி அன்று காலையிலேயே திரும்பி வந்தாள். கையில் பெரிய மண்ணிறக் கவர். மற்றக் கையில் ஒரு கடைப் பை. பைக்குள் அவள் அந்த வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கிற கோப்பையும், சோறு தின்கிற பீங்கானும். அவளுக்கென்று அம்மா வேறாக வைத்திருந்தவை. நீயே வைத்துக்கொள் என்று கிறிலுக்குள்ளால் கொடுத்துவிட்டாராம்.

படத்தில் இடப்பக்கம் மேலே வெள்ளையாக ஏதோ இருக்கிறதாம். சயரோகம்தான் என்று படம் பார்த்த டொக்டர் அம்மாவுக்குப் போனில் சொன்னாராம். றோஸி அதைச் சொல்லிவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். வேலை போன அழுகை. வேறு ஒன்றும் அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

பிறிஜெற்றுக்கு அன்று பின்னேர முறை. கார்மென்டில் சட்டைக் கொலர் தைக்கிற வேலை. தலை வாரிக்கொண்டிருந்தவள் சிரித்துக்கொண்டே கவரைப் பிரித்து, படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். எங்கே அக்கா, உன்ர சோத்துப் பீங்கான் உள்ளுக்குத் தெரியுதோ என்று பகிடி விட்டாள்.

பிறகு சிரிப்பு நின்றது.

"அக்கா," என்றாள். "இது என்ர நெஞ்செல்லோ?"

றோஸி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். 

படம் பிழை என்று நான் சொன்னேன். ஆள் மாறிப் போனது போலப் படமும் மாறிப் போயிருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை நெஞ்சைப் பிடிக்கிறார்கள். வேறு யாருடையதையாவது இந்தக் கவருக்குள் போட்டிருப்பார்கள் என்றேன். பிறிஜெற் படத்தின் மூலையில் அச்சடித்திருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். றோஸி பெர்னாந்து என்றுதான் இருந்தது.

அவள் முதலில் கதைத்தது வருத்தத்தைப் பற்றி இல்லை. கார்மென்டைப் பற்றி. அங்கே ஒரு பிள்ளைக்கு இந்த வருத்தம் என்று தெரிந்த மறுநாள், அவள் இருந்த மெஷினை டெட்டோல் போட்டுத் துடைத்துவிட்டு வேறு பிள்ளையை இருத்திவிட்டார்களாம். அந்தப் பிள்ளை கேட்டுக்கு வெளியே நின்று தன் குடையைக் கேட்டதாம். குடையை எறிந்தார்களாம்.

நான் சேர்ட்டை மாட்டினேன். வெள்ளவத்தைக்குப் போய், அந்தப் படம் றோஸியின் படம் இல்லை, அவளைத் திரும்ப எடுங்கோ என்று அந்த அம்மாவுக்குச் சொல்லப் போகிறேன் என்றேன். பிறிஜெற் வாசலில் குறுக்கே நின்றாள்.

"ஐசி அட்டையைப் பற்றி மட்டும் வாய் திறக்காதீங்கோ அப்பா. ஒருத்தியின்ர ஐசியில இன்னொருத்தி போனதெண்டு தெரிஞ்சா, என்ன வருத்தமெண்டு கேக்க மாட்டாங்கள். எங்கயிருந்து வந்தனி, யார் அனுப்பினதெண்டுதான் கேப்பாங்கள்."

அது உண்மை. கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த பிறகு, அட்டை இல்லாமல் பிடிபட்டவனைவிட வேறு ஆளின் அட்டையோடு பிடிபட்டவனுக்குத்தான் அடி அதிகம்.

போகிற வழியில் கொள்ளுப்பிட்டி தாண்டியதும் பஸ்ஸை மறித்தார்கள். பஹின்ன என்று ஆமிக்காரன் சொல்ல எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் ஒரு பிள்ளை. அவளுடைய அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், திரும்ப அட்டையைப் பார்த்தான். பிறிஜெற்றும் அன்றைக்கு இப்படித்தானே நின்றிருப்பாள்.  என்னுடைய முறை வந்ததும் எனக்கு இருமல் வந்துவிட்டது. அவன் அட்டையை வாங்காமலே, சீயா யன்ன, கிழவா போ என்று கையைக் காட்டினான்.

அந்த மாடிவீட்டுப் படியில் ஏறுவதற்குள் இரண்டு தரம் இருந்து எழும்பினேன். மணி அடித்தேன். சங்கிலி, அரை முகம். ஜெகதீஸ்வரி அம்மா என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். உள்ளே குழந்தை சிணுங்கியது.

அவர் கெட்ட மனிசி இல்லை. நத்தார் பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்கு அரிசி அனுப்புகிறவர். பேதுரு அண்ணை என்றுதான் என்னைக் கூப்பிடுவார். றோஸியை அப்படி வாசலில் நிறுத்தி அனுப்பியது தனக்கும் கஷ்டம்தான், முந்தின இரவு டொக்டரின் போன் வந்ததிலிருந்து நித்திரை இல்லை என்றார். கிறிலுக்குள்ளால் பார்த்தால் எல்லாருடைய முகமும் கஷ்டப்படுகிற முகமாகத்தான் தெரியும்.

நான் சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, அந்தப் படம் றோஸியின்ர இல்ல."

அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மெல்லச் சிரித்தார்கூட.

"தாய் தகப்பன் எல்லாரும் முதல்ல இப்பிடித்தான் சொல்லுவினம், பேதுரு அண்ணை. என்ர மாமாவுக்கு வந்தநேரம் எங்கட மாமியும் இதைத்தான் சொன்னவ."

நான் திரும்பவும் சொன்னேன். சத்தியமாக அது அவளுடைய நெஞ்சு இல்லை என்றேன். அவர் இன்னும் கனிவாகத் தலையை ஆட்டினார். இதற்கு மேல் சொல்வதென்றால் யாருடைய நெஞ்சு என்று சொல்ல வேண்டும். யாருடையது என்று சொன்னால், எந்த அட்டையில் என்று கேட்பார்.  என் ஆயுளில் சொன்ன பொய்களை எல்லாம் சனம் நம்பியிருக்கிறது. அன்று உண்மையைச் சொல்லி ஏறவில்லை.

வேறு பக்கத்தால் கேட்டுப் பார்த்தேன். மாரி முழுக்க அவள் இருமி இருமித்தானே உங்கள் குசினியில் சமைத்தாள், அப்போது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன்.

"அப்ப வீட்டில குழந்தை இல்லையே," என்றார் அம்மா.

அவர் அதை ஒளிக்காமல் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

பிறகு அவர் எனக்கு உதவி செய்யத் தொடங்கினார். அரசாங்க நெஞ்சு கிளினிக்கில் தனக்குத் தெரிந்த டொக்டர் ஒருவர் இருக்கிறார், காலையிலேயே போனில் சொல்லிவிட்டேன், மத்தியானத்துக்கு முன்னம் போனால் வரிசை இல்லாமல் பார்ப்பார், மருந்தெல்லாம் சும்மா தருவார்கள் என்றார். முட்டை கொடுங்கோ, பால் கொடுங்கோ, மீன் நல்லது, யன்னலைத் திறந்து வைத்துப் படுங்கோ என்றார்.

"எங்கட அறைக்கு யன்னல் இல்ல அம்மா."

"அப்ப கதவையெண்டாலும் திறந்து வையுங்கோ."

இரவில் கதவைத் திறந்து வைத்துத் தமிழர் படுக்கிற காலமா இது?  அவர் அப்படியே உள்ளே போய், எங்கள் தோட்டத்து வாசலில் உள்ள ஷரீப் நானாவின் கடைக்குப் போன் எடுத்து, றோஸியை உடனே கிளினிக்குக்கு வரச் சொல்லுங்கோ, தகப்பன் அங்கே நிற்பார் என்று உரத்துச் சொன்னது எனக்கு வாசலில் கேட்டது. றோஸி, றோஸி என்று இரண்டு தரம் சொன்னார். லைன் சரியில்லை.

நான் திரும்பும்போது இருமினேன். கிறிலுக்குப் பின்னால் இருந்த மரக்கதவும் சாத்துப்பட்டது.

கிளினிக் வராந்தாவில் வாங்குகள் நிறையச் சனம். சாறம் கட்டியவர்கள், ரப்பர் செருப்புக்காரர்கள், பிள்ளையைத் தோளில் போட்ட தாய்மார். வெள்ளவத்தை மாடிவீட்டுக்காரர் மாதிரி ஒருவரும் இல்லை. அவர்களுக்கு இந்த வருத்தம் வராதோ, அல்லது வந்தால் வேறு வாசலால் போகிறார்களோ தெரியாது.

என் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்தார்கள். இரண்டு பேரும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். பிறிஜெற் என்னைத் தூணடிக்குக் கூட்டிப்போனாள். வருகிற வழியிலேயே அவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள்.

"வேலை போனது றோஸி எண்ட பேருக்கு," என்றாள். "வருத்தமும் அந்தப் பேரிலேயே இருக்கட்டும். நான் றோஸியாப் போய் மருந்து எடுக்கிறன். கார்மென்டில பிறிஜெற்றுக்கு ஒண்டும் இல்ல. சம்பளம் வரும்."

மண்டை உள்ள பிள்ளை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அறை வாடகையும் அரிசியும் இனி அவளுடைய கொலர்களில்தான்.

அப்படியென்றால் றோஸியின் இருமலுக்கு என்ன என்று கேட்டேன்.  றோஸியே பதில் சொன்னாள்.

"எனக்குச் சளித் தடிமன் அப்பா."

தடிமனோ இல்லையோ என்று யாருக்குத் தெரியும்? ஒரு மாதத்துக்குள் அவள் பெயரில் ஒரு படம், ஒரு டொக்டர், இப்போது மருந்தும் வரப்போகிறது. அவளுடைய நெஞ்சை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. தன் பெயரில் அவள் இனி எங்கும் போக முடியாது, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு நோயாளி இருக்கிறாள். தங்கச்சியின் பெயரில் போனால், ஏதாவது இருந்தால் கார்மென்ட் போய்விடும். இருமுகிறவளுக்கு இருமுவதற்கு ஒரு பெயர் இல்லை.

உள்ளேயிருந்து ஒரு பொம்பிளை தலையை நீட்டிக் கூப்பிட்டாள். "ரோசி பிரனாந்து."

இரண்டு பேரும் எழும்பினார்கள்.

பிறந்ததிலிருந்து அந்தப் பெயருக்கு எழும்பிப் பழகியவள். கூப்பிட்டால் எழும்பத்தானே செய்வாள். ஒரு கணம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு றோஸி, சட்டையின் பின்பக்கத்தைச் சரிப்படுத்த எழும்பியவள் மாதிரி, திரும்ப இருந்துவிட்டாள். கூப்பிட்டவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவளுடைய பெயர் இராமலெட்சுமி. மலைநாட்டுப் பக்கத்து மனிசி. சிங்கள டொக்டருக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று கதைத்துக் கொடுத்தாள். டொக்டர் சின்னப் பெடியன், முகம் சுளிக்கவில்லை. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினான், பிறிஜெற்றின் முதுகில் குழாயை வைத்து மூச்சு இழுக்கச் சொன்னான், ஓம் இதுதான் என்றான். மாதக்கணக்காக ஒருநாளும் விடாமல் குளிசை போட வேண்டும். சுகம் வந்த மாதிரி இருக்கும், அப்போது விட்டால் பிறகு அந்தக் குளிசையும் கேட்காதாம். இவ்வளவு உறுதியாகச் சொல்கிறவர்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. படத்தைப் பார்த்ததும் இவன் றோஸி என்றுதானே நம்பினான்.

வீட்டில் வேறு யார் என்று கேட்டார்கள். அப்பாவும் தங்கச்சியும் என்றாள் பிறிஜெற். அப்படியென்றால் இரண்டு பேரும் சளி கொடுக்க வேண்டும், படமும் பிடிக்க வேண்டும் என்றான் டொக்டர்.

அந்தக் கதை வரும் என்று என் மண்டைக்காரி நினைக்கவில்லை. தங்கச்சிக்கு வேலை, பிறகு வருவாள் என்று தடுமாறினாள்.

"அந்தா பெஞ்சில ஒக்காந்திருக்கே, அந்தப் புள்ள யாரு?" என்று இராமலெட்சுமி கேட்டாள்.

பிறிஜெற் வெளியே திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது. றோஸிக்குக் கேட்கிற தூரம்தான்.

"அது பக்கத்து அறைப் பிள்ளை," என்றாள்.

றோஸி தலை நிமிரவில்லை. வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே இருமினாள். அவளுடைய தோள் மட்டும் குலுங்கியது.

இராமலெட்சுமி மேசைப் பக்கம் திரும்பினாள். மூடி போட்ட சின்னக் குப்பி ஒன்றை எடுத்து, அதில் என் பெயரை எழுதி, என் கையில் தந்தாள். வெளியே போய் ஆழமாக இருமித் துப்பிக் கொண்டுவரச் சொன்னாள். ஐயாவுக்கு எத்தனை வருசமா இந்த இருமல் என்று கேட்டாள்.

இது மா இருமல் என்றேன். துறைமுகத்தில் கோதுமை மா மூட்டை தூக்கினவனுக்கு இருமல் வராமல் பூவா வரும்? என்னோடு தூக்கின எல்லாருக்கும் இது இருந்தது. ஒருவரையும் ஒரு டொக்டரும் படம் பிடிக்கவில்லை.

"தொறமொகத்த விட்டு எத்தன காலம் ஐயா?"

பதினொரு வருடம் என்றேன்.

"அப்ப இன்னுமா மாவு?" என்றாள். "ஒரே ரூம்ல மூணு பேரு படுக்கிறீங்க. இந்தப் பொண்ணுக்கு எங்கயோ இருந்துதானே வந்திருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு அந்த வருத்தம் என்றால் எப்போதோ மாதம்பிட்டியில் புதைத்திருப்பார்கள் என்றேன். படத்தை நம்புகிறீர்கள், அட்டையை நம்புகிறீர்கள், கண்ணுக்கு முன்னால் கல்லுக் குண்டாக நிற்கிறவனை நம்பவில்லை என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, மாவு என்றாலும் கொடுங்கள் ஐயா, பார்த்துச் சொல்கிறோம் என்றாள்.

நான் வராந்தாவுக்கு வந்தேன். குப்பியின் மூடியைத் திறக்கவும் இல்லை. றோஸி இருந்த வாங்கின் நுனியில் அதை வைத்துவிட்டு, வீட்டுக்கு வாங்கோ என்று சொல்லிக்கொண்டு நடந்தேன். கொழும்பில் எனக்குத் துப்புவதற்கு இடமா இல்லை.

கேட்டடியில் திரும்பிப் பார்த்தேன்.

றோஸி அந்தக் குப்பியைக் கையில் எடுத்திருந்தாள். அதில் எழுதியிருந்த என் பெயரை வாசித்தாள். ஒருதரம் கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, குனிந்து, மாரி முழுக்க உள்ளங்கைக்குள்ளும் தலையணைக்குள்ளும் அமத்தி வைத்திருந்த இருமலை எல்லாம் விட்டு இருமினாள். வாங்கில் இருந்தவர்கள் விலகினார்கள். அவள் மூடியை இறுக்கிப் பூட்டினாள்.

இராமலெட்சுமி கதவடிக்கு வந்து கையை நீட்டினாள். றோஸி கொடுத்தாள். அந்த மனிசி குப்பியைப் பார்த்தாள், என் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

திரும்பிப் போய் அது என்னுடையது இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்புவார்களா என்ன. இனி அதற்குள் ஏதாவது இருந்தால் பேதுரு பெர்னாந்துவுக்குத்தான் குளிசை வரும். அதை யார் விழுங்குவது என்று வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றும் இல்லையென்றால் எல்லாரும் தங்கள் பாட்டுக்குப் போகலாம்.

தெருவுக்கு இறங்கினேன். பஸ் நிற்கிற இடத்துக்குப் போக முதல் இரண்டு தரம் மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டி வந்தது. மாதான். மா ஒருதரம் நெஞ்சுக்குள் போனால் லேசில் வெளியே வராது. பதினொரு வருடம் என்ன, இருபது வருடமும் கிடக்கும். மூட்டை தூக்காதவளுக்கு அது எங்கே தெரியப் போகிறது என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.